பெயர் எழுதிய கைகள்

திருச்சிற்றம்பலம்

 

ஓசூர் மலைமேல் மரகதாம்பிகை உடனாய சந்திரசூடேசுவரப் பெருமான் எழுந்தருளியிருக்கும் திருக்கோயில் ஒரு நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. தேர்த்திருவிழா நாளில் மலையடிவாரத்தில் சற்று நின்று செவி கொடுத்தால், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே ஒலிப்பதைக் கேட்கலாம். பழைய கல்வெட்டுகள் இவ்வூரைச் செவிடபாடி என்று வழங்குகின்றன. இன்று நாம் சொல்லும் பெயரோ, கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள்படுவது. பழைய ஊர் ஒன்று புதிய ஊர் என்னும் பெயரைத் தாங்கிப் பல நூறாண்டுகளாக இருந்துவருவது ஒரு வேடிக்கைதான்.

அந்தப் பெயருக்கு ஏற்ற புதுமை 1970களில் வந்து சேர்ந்தது. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980 ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் தொழிற்சாலையிலிருந்து லாரிகளும், டி.வி.எஸ். தொழிற்சாலையிலிருந்து மொபெட்டுகளும் வெளிவரத் தொடங்கின. பின்னர்க் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. பெங்களூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட இந்நெடுஞ்சாலையில் ஆலைகள் பெருகப் பெருக, கடைகள் பெருகின. உணவு விடுதிகள் பெருகின. வாடகைக் குடியிருப்புகள் பெருகின. இத்தனைக்கும் பெயர்ப்பலகை வேண்டுமே! ஆகவே, இயந்திரம் ஓட்டுவோரும் கணக்கு எழுதுவோரும் வந்த அதே பாதையில், கையில் தூரிகைப் பையும் தோளில் ஏணியுமாக மற்றொருவரும் வந்தார். மக்கள் அவரைப் பெயின்டர் என்று அழைத்தனர். அவருடைய தொழிலைப் பற்றியும், அத்தொழிலின் முன்னோரைப் பற்றியும் திருவிழாச் சொற்பொழிவில் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணலாம். பொருந்தும் என்பதைக் கேட்டு முடிக்குங்கால் உணர்வீர்கள்.

எல்லைப்புறத்துப் பெயின்டரின் திறம் தனித்தன்மை வாய்ந்தது. உள்நாட்டு ஊர் ஒன்றில் பலகை எழுதுவோர்க்குத் தமிழும் ஆங்கிலமும் போதும். இங்கே கன்னடத்தின் தலைக்கட்டும், தெலுங்கின் சுழியும் கைவரவேண்டும்; வடநாட்டுத் தொழிலாளர் வந்த பின்னர் நாகரி எழுத்தின் மேற்கோடும் வேண்டியதாயிற்று. நான்கு மொழியும் படிக்கத் தெரிந்தவரா என்றால், பலர் அல்லர். எழுத்தைச் சித்திரமாகவே கண்டு, சித்திரமாகவே வரைவார்கள். பொருள் தெரியாத எழுத்தைப் பிழையின்றி எழுதுவதற்கு எத்துணைக் கவனமும் பணிவும் வேண்டும்! தெரியும் என்ற எண்ணமே நம்மிற் பலரைப் பிழை செய்விக்கின்றது. தெரியாது என்று அறிந்தவர், எழுதித் தந்த தாளை ஒருமுறைக்கு மும்முறை ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

வேலை நடக்கும் முறையைக் கூர்ந்து நோக்கியவர்கள் சிலரே. முதலில் பலகையைத் தேய்த்து அடிவண்ணம் பூசி உலரவிடுவர். சுண்ணப்பொடி தோய்த்த நூலை இருவர் இருபுறமும் பிடித்து இழுத்து நடுவில் சுண்டினால், நேர்கோடு ஒன்று பலகையில் விழும். அக்கோடுகளுக்கிடையே எழுத்தின் எலும்பை மட்டும் சுண்ணக்கட்டியால் குறிப்பார் ஆசிரியர். பின்னர் எனாமல் வண்ணத்தில் டர்பன்டைன் சிறிது கலந்து, தட்டைத் தூரிகையால் வளைவுகளை ஒரே இழுப்பில் இழுப்பார். ழகரத்தின் கீழ்ச்சுழியை நடுவில் நிறுத்தித் தொடர்ந்தால் ஒட்டுத் தெரிந்துவிடும். ஆதலால் மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பார். உள்ளே நிரப்புவது மாணவன் வேலை. நூல் பிடிக்க ஒருவன் இல்லையேல் ஆசிரியரும் கோடு போட இயலாது. சிறியவன் பிடித்த நூலின்மேல்தான் பெரியவரின் எழுத்து நிற்கிறது.

இனி ஒன்று நோக்குக. ஊரார் பெயரையெல்லாம் எழுதுகிறார். தம் பெயரை எழுதுவதில்லை. எழுதினாலும், பலகையின் கீழ்மூலையில் நகத்தளவு இடத்தில், இன்ன ஆர்ட்ஸ் என்று குறிப்பதோடு சரி. அதுவும் பல இடங்களில் தம் பெயராக இராது. தொழில் கற்பித்த ஆசிரியர் பெயராக இருக்கும். நம் திருக்கோயில்களில் உபயம் எழுதுவதும் அவரே. ஒரு குழல்விளக்கைக் கொடுத்தவர், தம் பெயர், தந்தையார் பெயர், கடையின் பெயர், தொலைபேசி எண் அனைத்தையும் அதன்மேல் எழுதச் சொல்கிறார். எழுதி முடித்த பின் வெளிச்சம் வருவதற்கு இடமில்லை! அப்பெயின்டர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். விளக்கைக் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் பெயர் இல்லை.

இஃது இன்று நேற்று வந்த வழக்கமன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குன்றுகளிலும், மல்லச்சந்திரம் போன்ற இடங்களிலுள்ள பெருங்கற்காலக் கற்றிட்டைகளிலும் வெண்ணிற ஓவியங்கள் காணப்படுகின்றன. மனிதரும் விலங்குமாக வரைந்துவைத்த அந்த மாந்தர், இறந்தோர்க்கு எடுத்த கல்வீட்டின் உட்புறத்தைச் சித்திரத்தால் அலங்கரித்தார்கள் என்பதற்குமேல் அவர்களைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவு.

வரலாற்றுக் காலத்திற்கு வருவோம். திருநாவுக்கரசு சுவாமிகள் காலத்துப் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன், தனக்குச் சித்திரகாரப்புலி என்று ஒரு விருதுப்பெயர் சூட்டிக்கொண்டான். தட்சிணசித்திரம் என்னும் ஓவிய நூலைப் பற்றிய குறிப்பு, காஞ்சிக்கு அண்மையிலுள்ள மாமண்டூர்க் குகைக்கோயிற் கல்வெட்டில் வருகின்றது. அரசன் ஓவியனாக இருந்தால் புலி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். அவன் காலத்து மற்ற ஓவியர்கள் தம்மை என்னவென்று சொல்லிக்கொண்டனரோ! எலி என்றுகூட எவரும் எழுதி வைக்கவில்லை.

அவன் வழிவந்த இராசசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிற் கயிலாசநாதர் திருக்கோயிலை எடுப்பித்தான். திருச்சுற்றிலுள்ள சிறுசன்னிதிகளைச் சுற்றிவரும்போது, அவனுடைய விருதுப்பெயர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவை கல்லில் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரே பெயரைப் பல்லவ கிரந்தத்திலும் நாகரி வகையிலும், கொடியோடிய அலங்கார எழுத்திலும் திரும்பத் திரும்ப வெட்டியிருக்கின்றனர். நம் ஓசூர்ப் பெயின்டர் ஒரு கடைப்பெயரை நான்கு எழுத்தில் எழுதுவதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே முன்னோடி அங்கே இருக்கிறார். அச்சிறுசன்னிதிகளின் உட்சுவரில் சோமாஸ்கந்த மூர்த்தம் முதலிய வண்ண ஓவியங்களின் எச்சங்களும் உள. 1931 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் அவற்றைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். எழுத்து வெட்டியவர் பெயர் அங்கில்லை. ஓவியத்தில் அதை எழுதியவர் பெயரும் இல்லை.

அன்பர்கள் பூசலார் நாயனார் சரிதத்தை நன்கறிவீர்கள். காடவர்கோன் கச்சியிற் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்த அதே நாளில், திருநின்றவூர்ப் பூசலார் மனத்துள் எடுத்த ஆலயத்திற்கு எழுந்தருள வேண்டும். ஆதலால் உன் கோயிலுக்கு வேறு நாள் கொள்க என்று பெருமான் அரசனுக்குக் கனவில் உணர்த்தினான். அக்கற்றளி கயிலாசநாதர் கோயிலே என்று அறிஞர் பலர் கொள்வர். சேக்கிழார் பெருமான் சரிதத்தை நிறுத்தும் இடத்தைக் கவனியுங்கள். அரசன் சினக்கவில்லை, பூசலார் காலில் விழுந்தான். இருநூறு பட்டங்கள் கல்லில் இருக்க, அரசன் தரையில் கிடந்தான். பட்டங்களைப் பற்றி அடியேன் குறைவாகப் பேசவில்லை. அவற்றை வெட்டிய கைத்திறம் இன்றும் கண்ணைப் பறிக்கிறது. அவ்வளவு பெயர்களையும் சூடிக்கொண்டவனே ஒரு பெயரில்லாக் கோயிலின்முன் வணங்கினான் என்பதைச் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதே கருத்து.

அடுத்துத் தஞ்சைக்குச் செல்வோம். மாமன்னன் இராசராசன் 1010 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய இராசராசேசுவரத்தில், கருவறையைச் சுற்றியுள்ள உள்திருச்சுற்றின் சுவர்களில் சோழர் கால ஓவியங்கள் உள்ளன. அவற்றின்மேல் நாயக்கர் காலத்தில் மற்றோர் அடுக்கு ஓவியம் தீட்டப்பட்டமையால், அவை நெடுங்காலம் மறைந்துகிடந்தன. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அவ்விருண்ட சுற்றுக்குள் விளக்கோடு சென்று, மேலடுக்குப் பெயர்ந்த இடத்தில் கீழடுக்கைக் கண்டார். பின்னர்த் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதையாமல் பெயர்த்தெடுத்துத் தனியே பதித்து, இரண்டையும் காத்தனர். இரண்டு காலத்து ஓவியருக்கும் செய்த நீதி அது.

அச்சுவர் எவ்வாறு எழுதப்பட்டது என்பதைச் சென்னை அருங்காட்சியகத்து வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து, ஈரச் சுண்ணச் சாந்தின்மேல் தீட்டிய முறை என்று விளக்கினார். இம்முறையின் அருமையைச் சிறிது சொல்லவேண்டும். சாந்து ஈரமாயிருக்கும்போதே வண்ணத்தை இட்டால், சுண்ணம் காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று இறுகும்பொழுது வண்ணப்பொடியைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். பசை வேண்டியதில்லை, கல்லோடு கல்லாகிவிடும். ஆனால் உலர்வதற்குள் முடித்தாகவேண்டும். சுண்ணத்தின் காரத்தைத் தாங்கும் வண்ணங்கள் மட்டுமே நிற்கும். இலை, பூச்சாற்று வண்ணங்கள் வெளிறிவிடும். ஆகவே செங்காவி, மஞ்சட்காவி, பச்சைமண், கரி, சுண்ணவெண்மை என மண்ணும் கல்லும் தந்தவற்றைக் கொண்டே அவர்கள் உலகத்தைப் படைத்தனர். உலர்ந்த சுவரில் எழுதுவதாயின் பசை வேண்டும். கன்னட நாட்டை ஆண்ட மேலைச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், எருமைத்தோலை வெண்ணெய்போற் குழையக் காய்ச்சி வச்சிரலேபம் என்னும் பசை செய்யும் முறையைச் சொல்கிறது. தோலைக் காய்ச்சும் நாற்றத்தைத் தாங்கி நாளெல்லாம் அடுப்பருகே நின்றவனுக்கும் அத்தெய்வ ஓவியத்திற் பங்கு உண்டல்லவா?

ஈரச்சுவர் ஓவியம் தனி ஒருவர் செய்யும் காரியமன்று. ஒருவர் சாந்து குழைக்க, ஒருவர் பூச, ஒருவர் வண்ணம் அரைக்க, ஒருவர் விளக்குப் பிடிக்க, ஆசிரியர் கோடிழுக்க, மாணவர் நிரப்ப, அன்றைக்குப் பூசிய அளவும் அன்றைக்கே முடியவேண்டும். சாந்து பூசியவர் ஒரு முழம் அதிகமாகப் பூசிவிட்டால் ஓவியர் தடுமாறுவார். வண்ணம் அரைப்பவர் காலந்தாழ்த்தினால் சுவர் உலர்ந்துவிடும். ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் அனைவர் உழைப்பும் வீண். தோழமை என்பது அவர்களுக்கு நற்பண்பு மட்டும் அன்று. சுவர் உலரும் வேகமே விதித்த கட்டளை.

அத்தகைய தோழர்கள் அச்சுவரில் எழுதிய பெருஞ்சித்திரங்களுள் ஒன்று எது தெரியுமா? சுந்தரமூர்த்தி சுவாமிகளும் சேரமான் பெருமாளும் திருக்கயிலைக்குச் செல்லும் காட்சி. வெள்ளையானைமேல் தம்பிரான் தோழர் செல்கிறார். அவரைப் பிரிந்திருக்க மாட்டாத சேரமான், குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி, அதன்மேல் வான்வழி தொடர்கிறார். நண்பன் போன இடத்திற்கு அழைப்பில்லாமலே புறப்பட்ட நட்பு அது! எத்தனையோ கதைகள் இருக்க, கருவறைக்கு அடுத்த சுவரில் தோழமையின் கதைக்கு அவ்வளவு பெரிய இடம் கிடைத்தது. இக்கோயிற் கல்வெட்டுகள் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரைக்கூட வீட்டுவாரியாகச் சொல்கின்றன. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு எழுதிவைத்த கோயிலில், யானைமேற் சுந்தரரை எழுதியவர் அவ்வோவியத்தின் அருகே தம் பெயரை எழுதவில்லை.

மீண்டும் நம் எல்லைப்புறத்திற்கு வருவோம். ஓசூரிலிருந்து பெங்களூரைக் கடந்து வடக்கே சென்றால், இந்துப்பூருக்கு அருகில் லேபாட்சி என்னும் தலம் உள்ளது. வீரபத்திரர் கோயில். விசயநகரப் பேரரசன் அச்சுத தேவராயர் காலத்தில், அதாவது பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில், விருபண்ணா, வீரண்ணா என்னும் உடன்பிறந்தார் அதை விரிவுபடுத்தினர். மண்டபங்களின் விதானம் முழுவதும் சித்திரம். உமையம்மை திருமணம், பார்த்தனுக்குப் பாசுபதம் அருளிய வேடத்திருக்கோலம், தட்சிணாமூர்த்தம், நிமிர்ந்து நோக்கினால் கழுத்து வலிக்கும் அளவிற்குப் பெரிய வீரபத்திரர் என விரிகின்றது. திருப்பணி செய்வித்த சகோதரர்கள் இறைவனை வணங்கும் உருவங்களும் அங்கு உண்டு.

அவ்விதானத்தில் ஒரு கதை வரும். அதைக் கண்டால் தமிழ் அன்பர் எவரும் திகைத்து நிற்பர். பசுவின் கன்று தேர்க்காலில் இறந்ததற்காகத் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை! நம் பெரியபுராணம் திருநகரச் சிறப்பிற் கூறும் திருவாரூர்க் கதை, தெலுங்கும் கன்னடமும் வழங்கும் ஊரின் கோயில் விதானத்தில் இடம்பெற்றிருக்கிறது. மலைகளையும் மொழிகளையும் கடந்து கதை எப்படிப் போயிற்று? கதையைச் சொன்னவர்களும், கேட்டு எழுதியவர்களும் ஊர் ஊராகத் திரிந்த மக்கள். அவர்களுக்கு இன்று நாம் போடும் எல்லைக்கோடு இல்லை. ஓசூரில் கன்னடப் பலகையும் தமிழ்ப் பலகையும் ஒருவரே எழுதுவதைக் காணும்போது இது வியப்பாகத் தோன்றாது.

கதை பிறந்த திருவாரூருக்கே செல்வோம். தேவாசிரிய மண்டபம் எத்தகைய இடம் என்பதை மெய்யன்பர்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. அங்கே திரண்டிருந்த அடியார் கூட்டத்தைக் கண்டு, அவர்களுக்கு ஆளாவது என்றோ என்று ஏங்கிய சுந்தரமூர்த்தி சுவாமிகள், ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஒவ்வொருவர்க்கும் தம்மை அடிமையாக்கித் திருத்தொண்டத்தொகை அருளினார். அத்தொகை விரிந்தே பெரியபுராணமாயிற்று. பணிவு என்பதற்குச் சைவ உலகில் ஒரு பிறந்தகம் உண்டென்றால், அது அம்மண்டபமே.

அம்மண்டபத்து விதானத்தில், தஞ்சை மராத்திய மன்னர் சகசி காலத்தை ஒட்டி, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அல்லது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், முசுகுந்த புராணம் ஓவியமாக எழுதப்பெற்றது. குரங்குமுகம் கொண்ட முசுகுந்தச் சக்கரவர்த்தி, இந்திரனுக்குப் போரில் உதவி, அவன் பூசித்த தியாகேசப் பெருமானைப் பரிசாகப் பெறுகிறான். ஒன்றுபோல் ஏழு விடங்க மூர்த்தங்களை இந்திரன் காட்ட, உண்மையான மூர்த்தத்தை அவன் அடையாளம் கண்டு நிலவுலகிற்குக் கொணர்கிறான். கட்டம் கட்டமாகச் செல்லும் சித்திரங்களின் அடியில் தமிழில் விளக்கம் எழுதப்பட்டுள்ளது. படித்துக்கொண்டே நடக்கலாம், படிக்கத் தெரியாதவர் பார்த்துக்கொண்டே நடக்கலாம். பெருமான் ஆரூர் வந்தபின் திருவிழாக் காட்சிகள் தொடங்குகின்றன. மக்கள் திரள், வாத்தியம், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. ஒரு திருவிழாக் கூட்டத்தை இவ்வளவு ஆசையோடு எழுதியவர், அக்கூட்டத்தில் நெருக்குண்டு நின்றவராகவே இருக்கவேண்டும்.

இங்கே, நூற்றாண்டுகளாக நாம் தேடிவந்த ஒன்று கிடைக்கிறது. ஓவியர் பெயர். சிங்காதனம் என்பது அவர் பெயர். எழுத்திலும் குறித்திருக்கிறார்; தம் உருவத்தையும் எழுதியிருக்கிறார். எங்கே, எவ்வாறு எழுதினார் என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. கையில் தூரிகையோடு ஆசனத்தில் வீற்றிருப்பவராக அன்று. வழிபடுவோருள் ஒருவராக, கைகூப்பி நிற்கிறார். சித்திரம் எழுதிய கைகளே கூப்பிய கைகள். பெயரைச் சொல்வது அகந்தை, மறைப்பது பணிவு என்று நாம் எளிதாகக் கணக்கிட்டுவிடுகிறோம். சிங்காதனம் அக்கணக்கைத் திருத்துகிறார். தியாகேசர்முன் அடிமை நிற்கிறான். அவ்வடிமைக்கு ஒரு பெயர் உண்டு என்று மட்டும் அவர் சொல்கிறார். சுந்தரரும் தொண்டத்தொகையில் தம் பெயரைச் சொல்லாமல் விடவில்லையே! எல்லார்க்கும் ஆளான ஆரூரனாகத் தம்மைச் சொல்லி முடிக்கிறார். அவர் பாடிய மண்டபத்தின் விதானத்தில் ஓவியர் அவ்வழியே நின்றார் என்று கொள்வதிற் பிழையில்லை.

அவ்வோவியங்கள் மழைநீர்க் கசிவாலும் புகையாலும் பெரிதும் கெட்டிருந்தன. அண்மைக் காலத்தில் பிரகிருதி அறக்கட்டளையும் இன்டாக் அமைப்பினரும் அவற்றைச் செப்பனிட்டனர். வி. கே. இராசாமணி எடுத்த படங்களும் டேவிட் சுல்மன் எழுதிய விளக்கமுமாக 2011 இல் ஒரு நூலும் வெளிவந்தது.

நம் காலத்திற்கு நெருங்கிய ஒருவரையும் சொல்லவேண்டும். உங்கள் பூசையறையில் பழைய காலண்டர்ப் படம் இருந்தால், அதன் மூலையில் சி. கொண்டையராஜு என்னும் கையொப்பம் இருக்கக்கூடும். 1898 இற் பிறந்து 1976 இல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்றவர். உலகியலை விட்டுத் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சிலகாலம் வாழ்ந்தவர். பின்னர் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர்ஊராய்ச் சென்று, கோவில்பட்டியில் நிலைபெற்றார். நாடகத் திரை என்பது ஓவியத்தொழிலில் எளிய பிரிவு. அரண்மனையும் காடும் தெருவும் எழுதி, ஆட்டம் முடிந்தால் சுருட்டிக் கட்டுவது. அந்தக் கையே பின்னாளில் சிவகாசி அச்சகங்களின் வழியாக இலட்சக்கணக்கான வீடுகளுக்குத் தெய்வத் திருவுருவங்களை அனுப்பிற்று.

டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம் முதலியோர் அவருடைய மாணவர்கள். ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் சேர்ந்தே கையொப்பமாக வரும் படங்கள் பல உள. யார் முகம் எழுதினார், யார் ஆடை எழுதினார், யார் பின்னணி எழுதினார் என்று இன்று பிரித்துச் சொல்ல இயலாது. பிரிக்க அவர்களே விரும்பவில்லை. புகழ்பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் கையொப்பத்தின் பக்கத்தில் மாணவனுக்கு இடங்கொடுப்பதும், கைதேர்ந்த மாணவன் தனியே செல்லும் திறமிருந்தும் ஆசிரியர் பெயரை விடாது வைத்துக்கொள்வதும் எளிய செயல்கள் அல்ல. புலவர் உலகில் இதனை அரிதாகவே காண்கிறோம். சொற்பொழிவாளர் உலகில் எப்படி என்று கேட்காதீர்கள்!

இனி, வருந்தத்தக்க பகுதி. இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிளெக்ஸ் என்னும் அச்சுத்துணி வந்தது. ஒருவாரம் எழுதவேண்டிய பலகை ஒருமணி நேரத்தில் இயந்திரத்திலிருந்து விழுந்தது. மாணவர்கள் நூல் பிடிப்பதை விட்டார்கள். சிலர் வீட்டுச்சுவருக்கு வண்ணம் பூசப் போனார்கள். ஓசூர்ப் பக்கத்தில் ஆலை வேலைக்குப் போனவர்களும் உண்டு. சென்னையில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் மாநகராட்சி சுவரொட்டிகளை நீக்கி, அண்ணா சாலை முதலிய இடங்களின் சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை எழுதச் செய்தபோது, முன்பு சினிமாப் பலகை எழுதிய கைகளுக்குச் சிறிது காலம் வேலை கிடைத்தது. நிலைத்த வாழ்வாக அது அமையவில்லை. இன்று அவர்களுக்கு எஞ்சியிருக்கும் பெரிய புரவலர் திருக்கோயிலே. குடமுழுக்குக்குமுன் விமானத்திற்கும் சுதைக்கும் வண்ணம் தீட்ட ஆள் வேண்டும். திருமுறைப் பாடல்களைச் சுவரில் எழுத ஆள் வேண்டும். தேர்ச்சீலைக்கும் வாகனத்திற்கும் ஆள் வேண்டும். அச்சிட்ட துணியைத் தேருக்கும் கட்டத் தொடங்கினால், இந்தக் கதவும் அடைபடும்.

மற்றொன்றையும் இந்த அவையில் மறைக்காமல் சொல்லவேண்டும். பழைய ஓவியத்திற்குப் பகைவர் வெளியாரல்லர், நாமே. கற்பூரமும் எண்ணெய் விளக்கும் மண்டபத்துள் ஏற்றிப் புகையால் விதானத்தை மூடினோம். மடைப்பள்ளியை ஓவிய மண்டபத்திற்கு அருகே வைத்தோம். திருப்பணி என்று சொல்லிச் சுண்ணாம்பு அடித்தோம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கோயிலில், குடமுழுக்குக்கு முன் அடியேன் சென்றபோது, விதானத்து ஓவியம் அழுக்காக இருந்தது, வெள்ளையடித்துப் புதுப்பித்துவிட்டோம் என்று திருப்பணிக் குழுவினர் மகிழ்ச்சியோடு காட்டினர். அவர்கள் பக்தியில் ஐயமில்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டவர்கள். அதனால்தான் வருத்தம் இரட்டிப்பாயிற்று. 2021 ஆம் ஆண்டு சூன் 7 ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், பழமையான திருக்கோயில்களையும் அவற்றின் கலைச்செல்வத்தையும் காப்பது குறித்து 75 கட்டளைகள் பிறப்பித்தது. நீதிமன்றம் சொல்லித்தான் நாம் நம் கோயிலைக் காக்கவேண்டுமோ என்ற கேள்வி நம் நெஞ்சைச் சுடவேண்டும்.

செய்யத்தக்கது பெரிதொன்றும் இல்லை. உங்கள் ஊர்க் கோயிலில் வெள்ளையடிக்கத் தொடங்குமுன், ஒரு முழச் சதுர இடத்தில் ஈரத்துணியும் படாமல், உலர்ந்த மென்தூரிகையால் தூசியை மட்டும் நீக்கிப் பாருங்கள். செங்காவிக் கோடு ஒன்று தென்பட்டால், அங்கேயே வேலையை நிறுத்தித் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். சுரண்ட வேண்டாம், எண்ணெய் தடவிப் பளபளப்பாக்க வேண்டாம். மேற்கூரையில் நீர்க்கசிவு இருந்தால் அதை அடைப்பதே ஓவியத்திற்குச் செய்யும் முதல் மருத்துவம். உபயப்பலகை எழுதுவிக்கும் அன்பர்கள், எழுதும் பெயின்டரிடம், ஐயா, கீழே உங்கள் பெயரையும் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஓசூர் மலைப்படியில் அப்படிச் சொன்ன ஓர் அன்பரிடம், எழுதிய முதியவர் சற்றுத் தயங்கி, தம் ஆசிரியர் பெயரைக் கேட்டெழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஏணியை மடக்கிக்கொண்டு இறங்கினார்.

திருச்சிற்றம்பலம்